தொழிற்சாலை வாசலில் அம்பேத்கர்: கம்பைநல்லூரிலிருந்து ஒரு மறுவாசிப்பு

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்கு ஏப்ரல் 14ஆம் நாளையொட்டி ஊர் திரும்பும் இளைஞர்கள் பலர். பெங்களூரில் கட்டுமான வேலை, ஓசூரில் ஒப்பந்த வேலை, திருப்பூரில் பின்னலாடை வேலை என்று ஆண்டின் பெரும்பகுதியை வெளியூரிலேயே கழிப்பவர்கள். அண்ணலின் படத்துக்கு மாலையிட்டு நீலக்கொடி ஏற்றிய கையோடு, மொரப்பூர் தொடர்வண்டி நிலையத்துக்கோ தருமபுரிப் பேருந்துக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலை வேலைக்கு நிற்காவிட்டால் அன்றைய கூலி போய்விடும்.

அந்தப் படத்தில் இருப்பவர் அரசமைப்புச் சட்டத்தைக் கையில் ஏந்தியவராகவே நமக்கு அறிமுகமாகியிருக்கிறார். வேலை ஏன் கிடைப்பதில்லை, ஊரில் தொழில் ஏன் வளர்வதில்லை, வளர்ந்த தொழிலின் வாசலில் நம்மவர் மட்டும் ஏன் நிறுத்தப்படுகிறார்கள் என்ற கேள்விகளோடு சுமார் 40 ஆண்டுகள் போராடிய பொருளியல் அறிஞரும் அவரே. அந்த அம்பேத்கரின் வாழ்க்கையை இங்கே சொல்ல முயல்கிறோம். மகாடும் புனா ஒப்பந்தமும் நாக்பூரும் நம் வாசகர்கள் நன்கறிந்தவை; ஆகவே அவற்றைக் கடந்து செல்கிறோம்.

பீமராவ் 1891இல் மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். அக்குடும்பம் ஊர்ச்சேரியின் மரபான ஊழியத்திலிருந்து விடுபட்டதற்குப் படைத்துறை என்னும் மாற்று வேலையே காரணம். பின்னாளில் தொழில்மாற்றம் பற்றி அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் இந்த வீட்டு அனுபவம் அடித்தளமாக இருந்தது என்று கொள்வதில் தவறில்லை. குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்தது. சுற்றிலும் பஞ்சாலைகள். ஆலைச் சங்கின் ஒலி கேட்டு வளர்ந்தவர், பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையில் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அங்கு அவர் முதன்மையாகப் படித்தது பொருளியல். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகம், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களின் நிதி வளர்ச்சி, பின்னர் லண்டனில் ரூபாயின் சிக்கல் என அவருடைய ஆய்வுகள் நீண்டன.

1917இல் நாடு திரும்பியவர், உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணியில் சேர்ந்தார். தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. பம்பாய் திரும்பி, பங்கு முதலீடு பற்றி வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டனர். திறமையும் பட்டமும் உள்ள ஒருவருக்குச் சந்தை எவ்வாறு மூடிக்கொள்கிறது என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த நெருக்கடிக்கு மறு ஆண்டு, 1918இல், அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவின் சிறு நில உடைமைகளையும் அவற்றுக்கான தீர்வுகளையும் பற்றியது அது. இன்றைய மாணவர்கள் அவருடைய பொருளியலில் முதலில் படிக்கவேண்டியது இதுவே என்பது நம் கருத்து. நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால்தான் வேளாண்மை நலிகிறது, ஆகவே துண்டுகளை ஒன்றாக்கிப் பெரிதாக்கினால் போதும் என்று அக்காலத்து அறிஞர்கள் பேசினர். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஒரு பண்ணை சிறியதா பெரியதா என்பதை ஏக்கர் கணக்கால் மட்டும் முடிவு செய்ய இயலாது. அதில் இடப்படும் மூலதனம், கருவி, உழைப்பு ஆகியவற்றின் விகிதமே அதை முடிவு செய்யும் என்றார். ஏரும் மாடும் விதையும் இல்லாதவனுக்கு இரண்டு ஏக்கரும் மிகையே.

அடுத்து அவர் வைத்த வாதம் இன்னும் கூர்மையானது. நிலத்தை நம்பி வாழ்பவர்களில் பெரும்பகுதியினருக்கு உண்மையில் அங்கே வேலை இல்லை. அவர்கள் உண்கிறார்கள், ஆனால் உற்பத்தி செய்ய வாய்ப்பற்று இருக்கிறார்கள். அதனால் சேமிப்பு உருவாவதில்லை. சேமிப்பு இல்லாததால் மூலதனமும் இல்லை. இந்த மிகைப்பட்ட உழைப்பாளர்களைத் தொழில்துறை ஈர்த்துக்கொண்டால் நிலத்தின் மீதான நெருக்கம் குறையும், பண்ணைகள் தாமே பெரிதாகும், மூலதனம் திரளும். வேளாண்மையின் நோய்க்கு மருந்து தொழில்மயமாக்கலில் இருக்கிறது என்று அவர் முடித்தார். வளர்ச்சிப் பொருளியல் என்னும் துறை பிறப்பதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, 27 வயது இளைஞர் இதை எழுதினார்.

மானாவாரி நிலமும் வற்றும் கிணறும் கொண்ட பழைய பாராமகால் பகுதியில் நின்று இக்கட்டுரையைப் படித்தால் அதன் பொருள் உடனே விளங்கும். தென்பெண்ணையின் கிளையாறு ஓடும் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் தென்னையும் கரும்பும் உண்டு. ஆனால் அவை நிலமுடையவருக்கு உரியவை. நிலமற்ற கூலிக்கு ஆண்டில் சில மாதங்களே வேலை. மீதி நாள்களுக்கு ஓசூர் அல்லது பெங்களூர்.

தொழில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பிவிடவில்லை. நம்ப முடியாதபடி பரேல் அவருக்குக் கற்பித்திருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் அதிகக் கூலி தரும் பிரிவு நெசவுப் பிரிவு. அங்கே தறியின் நாடாவில் நூலைக் கோப்பதற்கு வாயால் உறிஞ்சி இழுக்கவேண்டும். தீண்டப்படாதவர் வாய்பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்ததால், தலித் தொழிலாளர்களுக்கு நெசவுப் பிரிவின் கதவு மூடப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவில்தான் அவர்களுக்கு இடம். இயந்திரம் மேற்கிலிருந்து வந்தது, அதை இயக்கிய சாதி இங்கிருந்தே வந்தது. 1928இன் பெரும் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்கவேண்டும் என்று அவர் தொழிற்சங்கத் தலைவர்களை நெருக்கினார். அவர்கள் மனமின்றியே இசைந்தார்கள். முதலாளிகளுக்கு எதிரான கோரிக்கைப் பட்டியலில், தொழிலாளர்களே தொழிலாளர்களுக்கு இழைத்த அநீதியை எழுதுவது யாருக்கும் எளிதாக இல்லை.

சென்னை இதற்கு விலக்கில்லை. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் சாதிப் பிளவாக மாறி, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன.

அதே 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் மற்றொரு போரைத் தொடங்கினார். மகர் வதன் என்னும் பரம்பரை ஊர் ஊழியத்தைப் பற்றியது அது. அரசு அலுவலர்க்குச் செய்தி சுமப்பது, ஊர்க்காவல், செத்த மாட்டை அப்புறப்படுத்துவது என எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருக்கும் வேலை. ஈடாகக் கிடைத்தது ஒரு துண்டு மானிய நிலமும் களத்து மேட்டில் அளக்கும் கொஞ்சம் தானியமும். நம்மூரில் தோட்டி, வெட்டியான் என்று பெயரிட்டு வாங்கப்பட்ட ஊழியத்தின் மராட்டிய வடிவம் இது. நிலம் இருக்கிறதே, அதை ஏன் விடவேண்டும் என்று சொந்த மக்களிலேயே சிலர் அவரை எதிர்த்தனர். அந்தத் துண்டு நிலம்தான் காலில் கட்டிய கயிறு என்பது அவர் நிலைப்பாடு. வேறு வேலைக்குப் போகும் உரிமையை அது பறிக்கிறது; கிடைக்கும் வாழ்வோ பிச்சைக்கு நிகரானது. நிலத்தைத் தக்கவைத்துக்கொண்டு ஊழியத்தை ஒழிக்கச் சட்டவரைவு கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. 1937இல் மீண்டும் முயன்றார். அவர் மறைந்த பின்னர், 1958இல்தான் பம்பாய் மாநிலம் அந்த ஊழிய முறையை ஒழிக்கும் சட்டத்தை இயற்றியது.

1936இல் எழுதிய சாதி ஒழிப்பு நூலில், சாதிக்கும் வேலையின்மைக்கும் உள்ள உறவை அவர் நேரடியாகவே இணைத்தார். தொழில்கள் நிலையாக நிற்பதில்லை. தேவை மாறும், கருவி மாறும், ஒரு தொழில் நலிந்து மற்றொன்று எழும். பிழைக்க விரும்புகிறவன் தொழில் மாற்றிக்கொள்ளும் உரிமை பெற்றிருக்கவேண்டும். பிறப்பால் தொழிலை விதிக்கும் சாதி அதற்கு இடம் தருவதில்லை. எனவே நாட்டின் வேலையின்மைக்கு அது நேரடிக் காரணமாகிறது. தொழில் பன்முகப்படுதல் என்று இன்று திட்டக்குழுக்கள் பேசும் சொல்லுக்கு அவர் கொடுத்த முன்நிபந்தனை இது. தொழில்கள் பலவாகப் பெருகினால் போதாது. எந்தத் தொழிலுக்கும் யாரும் போகக்கூடிய நிலை வேண்டும்.

அந்த ஆண்டே சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் தலித் தொழிலாளர்களிடையே பேசியபோது பார்ப்பனியத்தையும் முதலாளித்துவத்தையும் உழைப்போரின் இரு பகைகளாக அடையாளம் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கிய தொழில் தகராறு மசோதாவுக்கு எதிராகப் பொதுவுடைமையினரோடு கைகோத்து ஒருநாள் வேலைநிறுத்தத்தை நடத்தினார்.

1942 சூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அத்துறையின் கீழ் தொழிலாளர் நலன் மட்டுமின்றிப் பொதுப்பணி, சுரங்கம், பாசனம், மின்சாரம் ஆகியவையும் இருந்தன. இந்திய அரசின் தொழில் அடித்தளத்தைத் திட்டமிடும் நாற்காலியில் தலித் ஒருவர் அமர்ந்த நான்கு ஆண்டுகள் அவை. நம் மேடைகளில் இக்காலம் பெரும்பாலும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

மின்சாரம் அவருடைய முதல் கவலை. மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காவிட்டால் தொழில்மயமாக்கல் வெறும் பேச்சு என்று 1943 அக்டோபரில் மின்னாற்றல் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் வாதிட்டார். அதற்குச் சான்று தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. பைக்காரா நீர்மின் திட்டம் 1930களில் கோவைக்கு மின்சாரம் தந்தபின் அங்கே பஞ்சாலைகள் எவ்வளவு விரைவாகப் பெருகின என்பதைத் தமிழ்நாட்டார் அறிவர். 1944இல் மத்திய தொழில்நுட்ப மின்வாரியம், 1945இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் ஆகியவை அவர் துறையின் கீழ் உருவாயின. வங்கமும் பீகாரும் வெள்ளத்தில் தவித்துவந்த தாமோதர் ஆற்றை, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வெள்ளத்தடுப்பு, பாசனம், மின்சாரம் ஆகிய அனைத்துக்கும் பயன்படும் ஒரே திட்டமாக வகுக்கும் பணியை அவர் துறை முன்னெடுத்தது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டமானது. ஒரிசாவின் மகாநதிக்கு, அதாவது பின்னாளைய ஹிராகுட்டுக்கு, வழிகோலிய 1945 நவம்பர் கட்டாக் மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார். அவர் அணை கட்டச் சொன்னதன் நோக்கம் மின்விளக்கோடு முடியவில்லை. 1918இல் எழுதிய கட்டுரையின் தொடர்ச்சியாகவே, நிலத்தைவிட்டு வெளியேறும் கைகளுக்கு ஆலை வேலை உருவாக்குவதை நோக்கி அது சென்றது.

போர் முடிந்ததும் வேலையிழக்கும் படைவீரர்களையும் தொழிலாளர்களையும் மனத்தில் கொண்டு 1945இல் அவர் துறையின்கீழ் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. இன்றும் நம் பிள்ளைகள் பதிவு அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும் அலுவலகத்தின் மூதாதை அதுதான். தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தை விரிவாக்கினார். 1942 அக்டோபரிலேயே வைசிராயிடம் அளித்த மனுவில், அரசுப் பணிகளில் பட்டியல் சமூகத்தாருக்கு ஒதுக்கீடு, வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை ஆகியவற்றோடு, மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் பங்கையும் கேட்டிருந்தார். 1943இல் 8.33 விழுக்காடு பணி ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. வேலை கேட்பவராக மட்டுமன்றி வேலை கொடுப்பவராகவும் தலித் மாறவேண்டும் என்ற எண்ணம் ஒப்பந்தக் கோரிக்கையில் இருக்கிறது. ஒதுக்கீட்டைப் பற்றி ஆயிரம் கூட்டம் நடத்தும் நாம், அந்த ஒப்பந்தக் கோரிக்கையை ஏனோ தொடர்ந்து பேசவில்லை.

வேலை நேரம் குறித்து ஒரு திருத்தம் சொல்லவேண்டியிருக்கிறது. எட்டு மணி நேர வேலையை அண்ணல் ஒரே கையெழுத்தில் தந்தார் என்று சமூக ஊடகங்களில் சுற்றும் செய்தி மிகையானது. நடந்தது இது: அவர் துறை கொண்டுவந்த 1946ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம், ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48ஆகக் குறைத்தது. அதுவே பெரிய சாதனைதான், மிகைப்படுத்தத் தேவையில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றி, எதிர்ப்புக்குப் பின் அரசு அதைத் திரும்பப் பெற்றபோது, காக்கப்பட்டது அந்த 48 மணிதான்.

குறையும் உண்டு. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, சுரங்கத்தின் ஆழத்தில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்ற தடையை 1943இல் அரசு விலக்கியது. துறைப் பொறுப்பாளர் என்ற முறையில் சட்டமன்றத்தில் அதை அவர் நியாயப்படுத்திப் பேசினார். ஆணுக்கு நிகரான கூலியை வலியுறுத்தினார். தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் கடுமையாகக் கண்டித்தன. 1946 பிப்ரவரியில் தடை மீண்டது. சுரங்கப் பெண்களுக்குப் பேறுகால உதவி விரிவாக்கமும் நிலக்கரித் தொழிலாளர் நலநிதியும் அவர் காலத்தில்தான் வந்தன என்பதைச் சொல்பவர், இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அவர் எழுதி அளித்த அரசுகளும் சிறுபான்மையினரும் என்ற அறிக்கை அவருடைய பொருளியல் சிந்தனையின் உச்சம். முதன்மைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும், காப்பீடு அரசின் தனியுரிமையாக வேண்டும், நிலம் அரசுடையதாகி கூட்டுப்பண்ணைகளாகச் சாதி வேறுபாடின்றிப் பகிர்ந்தளிக்கப்படவேண்டும்; இவை அனைத்தும் ஆட்சி மாறினால் மாறிவிடாதபடி அரசமைப்பிலேயே எழுதப்படவேண்டும் என்றார். இறுதி அரசமைப்பில் இவை இடம்பெறவில்லை. அதன் சிற்பி என்று போற்றப்படுபவருக்கு, அவர் மிகவும் விரும்பிய பொருளாதாரப் பகுதி மறுக்கப்பட்டது.

சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையில் சட்டத்துறை கிடைத்தது. அவர் விரும்பியதோ திட்டமிடல் துறையையும் சேர்த்து. தொழிலாளர் உறுப்பினராக இருந்த அனுபவத்தால் பொருளாதாரத் துறை ஒன்றைக் கேட்டதும், வாக்களிக்கப்பட்டும் அது வராததும், அமைச்சரவையின் பொருளாதாரக் குழுக்களில்கூடத் தமக்கு இடமில்லாமற்போனதும் 1951இல் பதவி விலகியபோது அவர் வெளியிட்ட அறிக்கையில் பதிவாகியுள்ளன. இந்துச் சட்டத் தொகுப்புக்காக அவர் விலகினார் என்பதைப் பாடநூல் சொல்கிறது. தொழில் திட்டமிடலிலிருந்து அவர் விலக்கி வைக்கப்பட்டார் என்பதை அது சொல்வதில்லை. 1956 டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் மறைந்தார்.

அவர் மறைந்தபின் சென்னை மாநிலம் தொழில்மயமான வரலாறு தனி நூலுக்கு உரியது. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் வந்தது. 1971இல் சிப்காட் தொடங்கப்பட்டு ஓசூர் வளர்ந்தது. இன்று இந்தியாவிலேயே மிக அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழ்நாடு. நாட்டின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இங்குதான். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரியோ, ஓசூரையும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கொடுத்துவிட்டு நின்றது. கம்பைநல்லூர்க்காரருக்குத் தொழில்மயமாக்கல் என்பது பக்கத்து மாவட்டத்தின் போச்சம்பள்ளிக்கோ ஓசூருக்கோ பேருந்து ஏறுவது. உள்ளூரில் கிடைக்கும் ஆலை வேலை எத்தகையது என்பதை 2025 பிப்ரவரி காட்டியது. கம்பைநல்லூரை அடுத்த பட்டாசுக் கிடங்கு ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் மூன்று பெண் தொழிலாளர்கள் மாண்டனர்.

வெளியூர் ஆலை வேலை தந்த விடுதலையும் உண்மையானது. அதை இங்குள்ள ஆதிக்கம் எப்படி எதிர்கொண்டது என்பதும் உண்மையானது. 2012 நவம்பரில் இதே மாவட்டத்தின் நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணம் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. எரிந்தவற்றில் பல, பெங்களூரிலும் திருப்பூரிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்த கூலியில் கட்டிய தளம்போட்ட வீடுகள். இருசக்கர வண்டி, தொலைக்காட்சி, பீரோவில் இருந்த நகை, பிள்ளைகளின் கல்விச் சான்றிதழ் என்று தேடித்தேடி அழித்தார்கள். உள்ளூர் நிலக்காரரிடம் கூலிக்கு நிற்கத் தேவையில்லாத நிலையை அந்தக் குடும்பங்கள் எட்டியிருந்தன.

1954இல் அண்ணல் கோலார் தங்கவயலுக்கு வந்தார். வடஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளின் சேரிகளிலிருந்து வெளியேறிய தமிழ்த் தலித்துகள் தோண்டிய சுரங்கம் அது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் பெற்ற நகரம். ஊர் ஊழியத்திலிருந்து தப்பியவர்கள் பள்ளியும் சங்கமும் பௌத்தமும் வளர்த்த இடம். ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு தொழில். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டபோது அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு உள்ளூரில் மாற்று வேலை இல்லை. இன்றும் விடியுமுன் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தொடர்வண்டி நிறைய ஆள் போகிறார்கள். மொரப்பூரிலும் அதே நேரத்தில் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள்.